றொக்சனின் மரண அறிவித்தல்

கதவில் விழுந்த முதல் அடியில் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை அதிர்ந்தது. இரண்டாவது அடி ஒலிவாங்கிக்குள் புகுந்து, வானொலி கேட்டுக்கொண்டிருந்த அத்தனை வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஞானேந்திரன் வாசித்துக்கொண்டிருந்த விளம்பரத்தைப் பாதியில் விழுங்கிவிட்டு அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார்.

“போய்த் திற. ஆரெண்டாலும் மெல்லமாக் கதைக்கச் சொல்லு.”

அஜிதா திறந்தாள். வெளியே ஜெராட் நின்றான். பெப்ரவரிக் குளிரில் மேலங்கி இல்லை. காலில் வீட்டுச் செருப்பு, அதில் பனி அப்பியிருந்தது.

“நீதானே வீட்டுக்குப் போன் எடுத்தது?”

“ஓம் அண்ணை, நான்...”

“அண்ணையோ? என்ர அம்மாவைக் கொல்லப் பாத்திட்டு அண்ணை எண்டு உறவு வேறயோ?”

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

மொன்ட்ரியால் நகரின் வில்லரேயில் ஒரு புடவைக் கடையின் நிலவறையில் இயங்கியது ‘பனிமுரசு’ வானொலி. சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் ஒலிபரப்பு. முதலாளி, அறிவிப்பாளர், கணக்கப்பிள்ளை எல்லாம் ஞானேந்திரன் ஒருவரே. அஜிதா பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுநிலை மாணவி. பயிற்சிக்காக இங்கே வந்தவள். அவர் மதிப்பீட்டில் கையெழுத்து வைத்தால்தான் அவளுக்குப் பட்டம். அன்றுதான் பயிற்சியின் கடைசி நாள். இரண்டு வாரமாக அவர் ‘பேந்து பாப்பம்’ என்று தள்ளிப்போட்ட கையெழுத்து அது.

ஜெராட் சாதாரண நேயர் அல்ல. அவனுடைய பலசரக்குக் கடை விளம்பரம் இல்லாவிட்டால் பனிமுரசு அடுத்த மாதமே மூச்சை நிறுத்திவிடும்.

“என்ன ஜெராட், என்ன நடந்தது?” ஞானேந்திரன் எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

“இவளைக் கேளுங்கோ. தம்பி செத்ததை அம்மாவுக்கே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள்!”

ஞானேந்திரனின் முகம் கறுத்தது. “எடி பிள்ளை, உனக்கென்ன விசரோ?”

ஜெராட்டின் தம்பி றொக்சன் டொரொன்டோவில் அன்று விடியற்காலை மாரடைப்பில் போய்விட்டான். தாய் அக்னெஸ் ஜெராட்டின் வீட்டில் இருந்தார். பெற்றவளிடம் இப்படியான செய்தியை யாரும் நேரே போட்டு உடைப்பதில்லை. முதலில் ‘சுகமில்லையாம், ஆஸ்பத்திரியில சேத்திருக்காம்’ என்பார்கள். சனம் கூடும். தேவாலயத்திலிருந்து சுவாமியார் வருவார். பக்கத்தில் இருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள, பிறகுதான் உண்மை வெளியே வரும். ஜெராட் அந்த ஒழுங்கெல்லாம் செய்திருந்தான். அம்மா கேட்கும் ரேடியோவைக்கூடக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிட்டுத்தான் மரண அறிவித்தலை வானொலிக்குத் தொலைநகலில் அனுப்பினான்.

அஜிதாவுக்கும் இந்த வழக்கம் தெரியும். ஆனால் தொலைபேசியைக் கையில் எடுத்தபோது அவள் தன் இதழியல் பேராசிரியையின் மாணவியாக மட்டுமே இருந்தாள். ஒரு வாயிலிருந்து வந்ததை அப்படியே ஒலிபரப்பாதே, இன்னொரு வாயிடம் கேள் என்பது வகுப்பில் ஊறிய பாடம். அதோடு போன கோடையில் நடந்த கூத்தும் நினைவிலிருந்தது. மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் அருமைராசா செத்துவிட்டதாக யாரோ குறும்பாகக் கொடுத்த மரண அறிவித்தலை ஞானேந்திரன் கண்கலங்க வாசிக்க, அருமைராசாவே போன் எடுத்து, ‘என்னை எங்கை அடக்கம் பண்ணப் போறியள்?’ என்று கேட்டிருந்தார்.

“தொடர்புக்கு எண்டு போட்டிருந்த நம்பருக்குத்தான் எடுத்தனான்,” என்றாள் அஜிதா. “அது உங்கட வீட்டு நம்பர். அம்மாவுக்குத் தெரியக்கூடாதெண்டால் அதை ஏன் குடுத்தனீங்கள்?”

வழக்கமாகக் கொடுக்கிற நம்பரை நினையாமல் எழுதிவிட்டான் என்பது ஜெராட்டின் முகத்தில் தெரிந்தது. அந்த வெட்கமும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

“எனக்கே பிழை பிடிக்கிறியோ? பேப்பர்காரியாகப் படிக்கிறியோ, பொலிஸுக்குப் படிக்கிறியோ?”

“அம்மா பதறேல்லை அண்ணை. ‘ஓம், என்ர மகன்தான், முழுக்க வாசி பிள்ளை’ எண்டவ. அதாலதான் வாசிச்சனான்.”

“பொய்! நான் குளியலறைக்குள்ளயிருந்து ஓடி வரேக்க அவ குளறி அழுதுகொண்டிருந்தவ.”

“அது கடைசியில. அறிவித்தலில மனுசி பேர் இல்லை, மகன் கலியாணம் முடிக்கேல்லையோ எண்டு கேட்டனான். அப்பதான் குளறினவ.”

பாட்டு முடியப் போகிறது என்று ஞானேந்திரன் அடுத்த பாட்டைத் தேடினார். தேட வேண்டிய தேவை இருக்கவில்லை, அது கைக்கு அருகிலேயே இருந்தது. ஜெராட் மிக மெதுவாகப் பேசினான்.

“உனக்கு ஏன் அது?”

“வாசிக்கிறது சரியோ எண்டு பாக்கத்தான்.”

“நான் குடுத்ததை வாசிக்கிறதுதான் உன்ர வேலை. இப்ப வா வீட்டுக்கு. சுவாமியார் வர இன்னும் நேரமிருக்கு. அம்மாவுக்கு முன்னால நிண்டு, அது வேற றொக்சன், நான்தான் ஆளை மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு.”

“பொய் சொல்லச் சொல்லுறியளோ?”

“ஓமடி. இல்லையெண்டால் என்ர விளம்பரமும் இல்லை, இந்த ரேடியோவும் இல்லை.”

ஞானேந்திரன் மேசையிலிருந்த மதிப்பீட்டுத் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “சொல்லு பிள்ளை. அங்கை சொன்னால் அங்கையே கையெழுத்து. சொல்லாட்டில் உன்ர பள்ளிக்கூடத்துக்கு நானே எழுதுவன், இந்தப் பிள்ளை செய்தித் தொழிலுக்குச் சரிவராது எண்டு.”

பதிந்து வைத்திருந்த ஒரு நாடகத்தை ஓடவிட்டுவிட்டு அவரும் கூடவே வந்தார். ஜெராட் முன்னால் வழுக்கி வழுக்கி நடந்தான். ஞானேந்திரன் அஜிதாவின் காதருகே வந்தார்.

“எல்லாம் உன்ர வாயால. றொக்சன் மாதா கோயிலில கட்டாமல் ஒரு சைவப் பிள்ளையைப் பதிவுக் கலியாணம் செய்தவன். ஜெராட் அவளைப் படி ஏறவிடேல்லை. அவளின்ர பேரையே அந்த வீட்டில எடுக்கக்கூடாது.”

“அவன்ர அம்மாவும் அவளோட கதைக்கிறேல்லையோ?”

“தாய் எப்பவும் ஜெராட்டின்ர சொல்லுத்தான். இனி வாயை மூடிக்கொண்டு வா.”

ஜெராட்டின் மனைவி மாக்கிரட் கதவைத் திறந்தாள். அஜிதாவைக் கண்டதும் கதவுச் சங்கிலியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இந்தச் சனியனை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

“திருத்திச் சொல்ல வந்திருக்கிறாள். விடு.”

வரவேற்பறையில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் அஜிதாவைத்தான் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, “எங்கட சனத்துப் பிள்ளை எண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு,” என்றாள். கேட்கட்டும் என்றே சொன்னாள்.

மாதா படத்துக்குக் கீழே அக்னெஸ் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. நிமிர்ந்து அஜிதாவைப் பார்த்தார்.

“போனில வாசிச்ச பிள்ளை நீயோ?”

“ஓம் அம்மா.”

ஜெராட் அவளுடைய முதுகில் விரலால் குத்தினான். “சொல்லு.”

ஞானேந்திரன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். ஒரு வசனம்தான். சொன்னால் கையெழுத்து, பட்டம். பிறகு ஒரு நல்ல பத்திரிகையில் வேலை. சுவாமியார் வந்ததும் எப்படியும் தெரிந்துவிடப் போகிற உண்மைதானே, கொஞ்ச நேரம் மறைத்தால் என்ன? அஜிதா வாயைத் திறந்தாள்.

“அம்மா, நான் போனில சொன்னது...”

அக்னெஸின் விரல்கள் செபமாலையில் நின்றன. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அந்த வசனத்தை முடிக்க அஜிதாவால் இயலவில்லை.

“நான் சொன்னது உண்மைதான் அம்மா. உங்கட மகன் றொக்சன்தான். பிழை எண்டு சொல்லச் சொல்லித்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவை. என்னால ஏலாது.”

அறை வெடித்தது. “பாவி!” என்று மாக்கிரட் அலறினாள். ஞானேந்திரன் தாளை வெளியே எடுத்து நான்காகக் கிழித்தார். “உன்ர பட்டத்தை இனி ஆர் தருகினம் எண்டு பாப்பம்!” ஜெராட் அவளுடைய தோளைப் பிடித்துத் திருப்பிக் கையை ஓங்கினான்.

“ஜெராட்!”

அக்னெஸ் எழுந்து நின்றார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

“ஏன்டா அவளை அடிக்கிறாய்? அவன் போனது எனக்கு விடியவே தெரியும், என்ர மருமகள் வினோஜா போன் எடுத்து அழுதவள். நான் குளறினது, புருசனைப் பறிகுடுத்தவளின்ர பேரை அறிவித்தலில நீ போடேல்லை எண்டுதான்.”