கார்டின் மேல் போட்ட பழி

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்காக நான் போவது அது மூன்றாவது தடவை. எனக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்றைக்கு அது வாய்க்கே இறங்கிவிட்டது.

"இப்ப எது வளையுது?" என்று செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"மாடிப்படி வளையுது, சமையலறைச் சுவர் வளையுது. பேசாம வந்து பாரு."

அக்கா கட்டட வரைபடம் போடுகிறவள். யார் யாரோ கிறுக்கிக் கொடுக்கும் காகிதத்தைக் கம்ப்யூட்டரில் வீடாக நிமிர்த்தி நிறுத்துவது அவள் வேலை. வேலை என்ன வேலை, அதுதான் அவளுக்கு உயிர். சின்ன வயதில் ஸ்கேல் இல்லாமலே நேர்க்கோடு போடுவாள். நான் ஸ்கேல் வைத்துக் கோணலாகப் போட்டு அவளிடம் குட்டு வாங்குவேன். அந்தக் குட்டு வாங்கிய தலைதான் இப்போது கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை நடத்துகிறது.

கொஞ்ச நாளாகவே திரையில் கோடுகள் நெளிகின்றன என்று புலம்பிக்கொண்டிருந்தாள். முதலில் கேபிளை மாற்றினேன். அப்புறம் மானிட்டரையே மாற்றினேன். இரண்டு தடவையும் என் கண்ணுக்கு எல்லாம் நேராகத்தான் இருந்தது. எங்கள் தொழிலில் இது சகஜம். சில பழுது, ஆள் வந்தால் ஒளிந்துகொள்ளும், சூடேறினால்தான் தலைகாட்டும். போன வாரம் போனில் கூப்பிட்டு, திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவள் போனில் திறந்து பார்க்கச் சொன்னேன். அதில் நெளிவு இல்லையென்றால் மானிட்டர் பக்கம் கோளாறு, இருந்தால் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு பக்கம்.

"போன்லயும் நெளியுதுடி" என்றாள். அவ்வளவுதான். கார்டுதான் திருடன் என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

அன்றைக்குப் புதுக் கார்டோடுதான் வந்திருந்தேன். பெட்டியைப் படுக்கவைத்து, பக்கத்து மூடியைக் கழற்றி, பழைய கார்டை உருவினேன். விசிறியில் பொட்டுத் தூசி இல்லை, அக்கா அப்படி. புதுக் கார்டைச் செருகி, ஸ்க்ரூவை முடுக்கி, திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட சோதனைப் படத்தைத் திறந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு கோடு பிசகவில்லை.

"பாரு, கம்பி மாதிரி நிக்குது."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இதோ நெளியுதே."

"எங்க?"

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? இங்கடி!" நட்டநடுத் திரையில் விரலை வைத்தாள்.

"உனக்குத்தான் அவிஞ்சு போச்சு! இப்பத்தானே டப்பாவையே பிரிச்சேன்!"

"கத்தாத. இரு, இப்ப ஓரத்துக்குப் போயிடுச்சு. இதோ, மேல வந்துடுச்சு." அவள் பார்வை போன இடமெல்லாம் அவள் விரலும் போனது.

மானிட்டர் பழுது ஒரே இடத்தில் கிடக்கும். கார்டுப் பழுது இஷ்டத்துக்குச் சிதறும். பார்க்கிறவள் கூடவே நகர்கிற பழுதை நான் எந்தப் பெட்டியிலும் கண்டதில்லை.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மற்றதைத் தொடாதே. நான் கற்ற தொழில் அவ்வளவுதான். அதையே செய்தேன்.

"அக்கா, வலது கண்ணை மூடு. நெளியுதா?"

"லேசா."

"அதைத் திற. இடது கண்ணை மூடு."

மூடினாள். "நடுவுல கோடே இல்லடி. அழுக்கு மாதிரி என்னவோ இருக்கு."

"அந்த ஜன்னல் கம்பி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அதுவும்தான். ரொம்ப நாளா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுக்கிட்டேவா என்னைக் கேபிள் மாத்த விட்டே?"

"வாசல் நிலை கோணலா இருக்குன்னு அப்பா தச்சரோட மல்லுக்கட்டினாரே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் இருக்குமா? நிலை நேராகத்தான் இருந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் அப்பாவின் கண்ணிலிருந்து முதலில் எழுத்து போனது, பிறகு எங்கள் முகம் போனது. கடைசியில் நாங்கள் குரல் கொடுத்தால்தான் பெரியவள் யார், சின்னவள் யார் என்று அவருக்குத் தெரியும்.

"கார்டுதான்னு நீ போன்ல சொன்னே பாரு, அன்னிக்குத்தான்டி நிம்மதியாத் தூங்கினேன்" என்றாள் அக்கா. "கார்டுன்னா மாத்திடலாமில்ல?"

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. என் அக்காவுக்கு ஏன் இது வரவேண்டும், கோடு போடத் தெரியாத எனக்கு வந்திருக்கக்கூடாதா என்று நெஞ்சு வெடித்தது.

"நாளைக்குக் காலையில கண் டாக்டர்கிட்ட போறோம். மறுபேச்சு பேசினே, கொன்னுடுவேன்."

"போலாம்டி. முதல்ல பழைய கார்டை மாட்டு. பாவம், அது ஒண்ணுமே பண்ணல."

மாட்டினேன். ஸ்க்ரூ துளையில் நிற்கவே மாட்டேன் என்றது. திரை வந்ததும் அக்கா பாதியில் விட்டிருந்த வீட்டைத் திறந்து, ஒரு சுவரை இழுத்து நிறுத்தினாள். பிறகு, வாழ்நாளில் யாரிடமும் கேட்டறியாததை என்னிடம் கேட்டாள்.

"நேரா இருக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயைத் திறந்து சொல்லுடி."

"நேரா இருக்குக்கா."

அடுத்த சுவரை இழுத்தாள்.

"இது?"