இரண்டாவது மாலை

சவப்பெட்டியைச் சரித்துத் திருப்பி ஹோலுக்குள் கொண்டுவந்தபோது அங்கே இருந்தவர்கள்: இறந்துபோன யோகராணியின் தமையன் சுந்தரமூர்த்தி, அவர் மனைவி ஆனந்தவல்லி, மகள் கஜானி, மருமகன் நிமலன், ஆக்லாந்தின் மற்றக் கரையில் பாட்டனி டவுன்ஸிலிருந்து விடியவே வந்துவிட்ட ஒன்றுவிட்ட மச்சாள் ஸ்வர்ணா, பக்கத்து வீட்டு பிஜிக்காரர் பால் கோவிந்த். பன்னிரண்டு மணிக்குத் தகனம். ஐயர் வந்துகொண்டிருந்தார்.

"தலை தெற்குப் பக்கம்," என்றார் சுந்தரமூர்த்தி.

"இஞ்சை தெற்கு எது மாமா?" நிமலன் போனை எடுத்துத் திசை பார்த்தான்.

சுந்தரமூர்த்திக்கு எழுபத்தெட்டு வயது. சாவகச்சேரியில் தபாலதிபராக இருந்தவர். கதிரையில் முதுகு சாயாதவர். யோகராணி அவருடைய ஒரே தங்கை. முப்பத்தொரு வயதில் தனியாக ஜெர்மனிக்குப் போனவள், பத்து வருடம் டோர்ட்முண்டில் இருந்துவிட்டு ஆக்லாந்துக்கு வந்தவள், கலியாணம் முடிக்காதவள். அந்தப் பத்து வருடத்தைப் பற்றிச் சனம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்லிவந்தார். இன்றைக்காவது ஒருவரும் ஒன்றும் கதையாமல் அவளை அனுப்பிவைக்க வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அத்தான், யோகா மச்சாள் அங்கை ஆரோடை இருந்தவ?" பூவைக் கிள்ளிக்கொண்டே ஸ்வர்ணா கேட்டாள். "சும்மா கேட்டனான்."

"உம்மை மாதிரி ஆக்கள் இல்லாத இடத்திலை இருந்தவ."

ஆனந்தவல்லி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

உண்மையில் யோகராணி டோர்ட்முண்டில் ஒரு கிழவியின் வீட்டில் அறை எடுத்து இருந்தாள். அந்தக் கிழவியின் அலுமாரியில்தான், ஒரு பழைய புத்தகமாக, லோரென்ஸ் ட்ரால்மன் கிடைத்தார். குதிரைச் சேணம் தைப்பவரின் மகன். இருபத்திரண்டு வயதில் கப்பலேறி, சிலி, ஜாவா, காலி என்று அலைந்து, போன இடத்து மொழிகளைப் படித்து, அவற்றின் கதைகளை ஜெர்மனுக்குக் கொண்டுபோனவர். யாழ்ப்பாணத்திலும் நாலு மாதம் இருந்திருக்கிறார். அவருடைய பயணப் புத்தகத்தைத் தமிழாக்க யோகராணிக்கு இருபத்தாறு வருடம் எடுத்தது. கிழமை நாட்களில் நியூ லின்னில் உடுப்புக் கடை வேலை. சனிக்கிழமை காலைகளில் குசினி மேசையில் இருந்து தமையனுக்கு வாசித்துக் காட்டுவாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி கேட்பார்.

"வசனம் நீண்டுபோச்சு. ரெண்டாய் வெட்டு."

"மனுசன் கடலிலை போறார் அண்ணை. நீளமாய்த்தான் போகும்."

அடுத்த சனிக்கிழமை அது இரண்டாக வந்திருக்கும். கேட்டதும், முன்பு இருந்ததுதான் நல்லது என்று அவருக்குத் தோன்றும். சொன்னதில்லை.

போன மாதம் கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். வயதாகி ஊர் திரும்பிய ட்ரால்மன், தான் படித்த ஒன்பது மொழிகளில் ஒன்றையும் பேச ஆளில்லாமல் ஜன்னலோரம் இருக்கிறார். அன்றைக்குச் சுந்தரமூர்த்தி எதையும் வெட்டச் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டார். அவர் தேத்தண்ணி போட்டு அந்த வீட்டில் எவரும் குடித்ததில்லை. யோகராணி குடித்தாள்.

தலைமாட்டில் வைக்க யோகராணியின் படத்தை எடுத்துவரும்படி கஜானி பால் கோவிந்தைத்தான் அனுப்பியிருந்தாள். அவர் அவளுடைய அறையிலிருந்து இரண்டு படங்களோடு வந்தார். இரண்டையும் பெட்டியின் தலைமாட்டில், குத்துவிளக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்து யோகராணிக்கு ஒரு செவ்வந்தி மாலை போட்டார். இன்னொன்றை எடுத்து, அடுத்த படத்தில் இருந்த தாடிக்கார வெள்ளைக்காரருக்குப் போட்டார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹஸ்பண்ட்தானே? பன்னிரண்டு வருடமாக என் ஜன்னலால் பார்க்கிறேன்," என்றார் அவர் ஆங்கிலத்தில், மெதுவாக. "ஒவ்வொரு நாள் காலையும் வேலைக்குப் போக முன்னம் யோகராணி இவர் படத்தோடு பேசிக்கொண்டிருப்பார். அதுதான் அவருக்கும் ஒன்று கட்டினேன்."

எழுதிய வசனங்களை அவள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்லிப் பார்ப்பாள்.

ஸ்வர்ணாவின் கை பூவோடு நின்றது. "ஆர் அத்தான் இது?"

சுந்தரமூர்த்தி எழுந்து தலைமாட்டுக்குப் போனார். மாலையைக் கழற்ற இரண்டு கையாலும் பிடித்தார். பூ இன்னும் ஈரமாக இருந்தது.

"அப்பா, நான் எடுத்து உள்ளுக்கு வைக்கட்டோ?" என்றாள் கஜானி.

அவர் பெட்டிக்குள் பார்த்தார். யோகராணியின் வலது கை நடுவிரலில், பேனா பிடித்துப் பிடித்து வந்த காய்ப்பு அப்படியே இருந்தது.

"வேண்டாம். எங்கடை ஆள்தான். இருக்கட்டும்."

ட்ரால்மனின் தாடியை மறைத்துக் கோணலாகக் கிடந்த மாலையை நேராக்கினார். பிறகு வந்து, சாயாமல், கதிரையில் இருந்தார். ஐயர் வந்து இரண்டு படங்களையும் பார்த்தார். கேட்காமல் இரண்டுக்கும் சந்தனம் வைத்தார்.

சுந்தரமூர்த்தியின் தங்கை ஒரு ஜெர்மன்காரரைக் கலியாணம் முடித்திருந்தாள் என்றும், குடும்பம் அதை மறைத்துவிட்டது என்றும் அந்தக் கிழமையே மெல்பேர்ண் வரை கதை போனது. அது பிழை. லோரென்ஸ் ட்ரால்மன் காலமானது 1871இல். யோகராணி பிறந்தது 1953இல்.