விட்டுப்போன பத்துப் பேர்

கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று தம்பியின் அறைக்குள் நுழைந்தபோது அது அடித்தொண்டைக்கே போயிருந்தது.

"அந்தப் பத்துப் பேரை எதுக்குடா விட்டீங்க?"

பதினோரு வருடங்களுக்கு முன், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருவரும் தொடங்கியது இந்த நிறுவனம். பின்னம் என்றாலே திருதிருவென்று முழிக்கும் பிள்ளைகளுக்காக அவள் அட்டையை வட்டமாக வெட்டி, பாதி, கால், அரைக்கால் என்று கையில் கொடுத்தாள். தம்பி அதைப் பெட்டியில் அடைத்துப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினான். லாபம் பார்க்கக் கூடாது, எந்தப் பிள்ளையும் விடுபடக் கூடாது என்பதுதான் பேச்சு. பிறகு பெட்டி டேப்லெட் ஆனது. ஆறு பள்ளி அறுநூறு ஆனது. தம்பிக்குக் கண்ணாடி அறை வந்தது.

காலையில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பள்ளிக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் டேப்லெட்டில் தலை கவிழ்ந்திருக்க, கடைசி பெஞ்சுகளில் பத்துப் பேர் வெறுங்கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு ஆசிரியர் மென்று விழுங்கினார். "மக்குப் பிள்ளைங்களைச் சேர்க்காதீங்க, ரிசல்ட் கெட்டுப்போயிடும்னு உங்க ஆபீஸ்லதான் மேடம் சொன்னாங்க."

அந்தப் பத்தில் ஒருத்தி, "எங்களுக்கு எப்ப மிஸ்?" என்றாள். டீச்சர் அங்கிருந்தே ஆபீசுக்குக் கிளம்பினாள்.

இப்போது தம்பி லேப்டாப்பை மூடினான். "நூத்துக்குத் தொண்ணூத்தொரு பேர் தேறிட்டாங்கன்னு காட்டினாத்தான் அக்கா, அடுத்த நாட்டுக்குப் போக முடியும். இவங்களை அப்புறம் பாத்துக்கலாம்."

"தானா தேறுற பிள்ளைக்கு நாம எதுக்குடா?"

"கத்திடாத, வெளிய ஆளுங்க இருக்காங்க."

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல. எல்லா ஸ்கூல்லயும் விட்டவங்களைச் சேத்தா நூத்துக்கு எவ்வளவு? சொல்லு."

"அறுபத்தஞ்சு."

ஆண்டறிக்கை அவள் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. அதிலிருந்த தொண்ணூற்றொன்றைத் தாள் கிழியக் கிழிய அடித்தாள். அறுபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நேரே கூட்ட அறைக்குப் போய், அன்று கூடியிருந்த நிறுவன அறங்காவலர்கள் முன்னால் அதை வீசினாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். அடுத்த நாட்டுத் திட்டம் அதோடு நின்றது.

தம்பி நான்கு மாதம் அவள் போனை எடுக்கவில்லை. அவள் தினமும் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பத்துப் பேரோடு உட்கார்ந்தாள்.

அரையாண்டுப் பரீட்சை முடிவு வந்ததும் அவனே அங்கு வந்தான். "ஏழு பேர் தேறிட்டாங்களாமே அக்கா!"

அவள் முகம் இளகவில்லை. "மிச்ச மூணு பேரை யாரு பாக்குறது, உன் ரிசல்ட்டா?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குள் போனாள்.

தம்பி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னாலேயே உள்ளே போனான்.