பதினாறாவது போல்ட்

கிரேனில் தொங்கிய தன் வீட்டைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள் தையல்காரி. கதவு, ஜன்னல், சமையலறைத் தொட்டி எல்லாம் பொருத்தி, பதினோரே வாரத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தது. பக்கத்தில் நின்ற அவள் அண்ணன் கொத்தனார். இதே இடத்தில் மூன்று வருடம் வீடு கட்டி, சுவரை இடுப்புயரம் கொண்டுவந்தவர். மழை பெய்தால் வேலை நிற்கும். பெய்யாவிட்டால் தண்ணீர் இல்லாமல் நிற்கும்.

அவர் மனம் கோணக்கூடாதென்று அடித்தளத்தை மட்டும் அவரிடம் விட்டிருந்தாள். அதில் பதினாறு போல்ட் நட வேண்டும். இடம் தவறாமலிருக்க, துளையிட்ட பலகை ஒன்றைத் தொழிற்சாலை அனுப்பியது. வழவழப்பான, நல்ல பலகை. அண்ணன் அதன்மேல் சிமென்ட் குழைத்துவிட்டு, போல்டுகளைக் கண்ணளவில் நட்டார்.

வீடு இறங்கியது. பதினைந்து போல்ட் துளைக்கு நேராக நின்றன. கண்ணளவுக்கு அது சாதனைதான். பதினாறாவது ஒரு விரற்கடை தள்ளி நின்றது. வீடு மறுபடி லாரிக்கே ஏறியது.

"கொஞ்சம் முன்னபின்ன இருக்கத்தாம்மா செய்யும். சுத்தியல்ல ஒரு தட்டு தட்டினா வளைஞ்சு குடுக்கும்," என்றார் அண்ணன்.

"வளைச்சா நாங்க பொறுப்பில்லைங்க," என்றார் தொழிற்சாலை மேற்பார்வையாளர். "கிரேன் இன்னும் ஒரு மணி நேரம்தான் நிக்கும். அப்புறம் வீடு திரும்பிப் போயிடும். மறுபடி வர ரெண்டு மாசம் ஆகும்."

வாடகை வீட்டை அவள் காலையில்தான் காலி செய்திருந்தாள். தையல் இயந்திரம் தெருவோரம் வெயிலில் நின்றது.

"போனாப் போகட்டும் விடு," அண்ணன் தேற்றினார். "பெட்டிக்குள்ள எவனாவது குடியிருப்பானா? அடுத்த மாசம் நானே..."

"அடுத்த மாசம்னு இன்னொரு தடவை சொன்னீங்க, உங்களையும் லாரியில ஏத்திவிட்டுருவேன். அண்ணி சட்டையில கை அரை விரல் குறைஞ்சதுக்கு வீடேறி வந்து சண்டை போட்டீங்களே, அப்ப எங்க போச்சு இந்த முன்னபின்ன?"

 

துணியைத் தவிர எதையும் தொடாத தன் கத்தரிக்கோலால் பலகையில் காய்ந்த சிமென்டைச் சுரண்டினாள். தவறிய போல்டை அண்ணனை அறுத்தெடுக்க வைத்து, மற்ற பதினைந்து போல்டில் பலகையை மாட்டி, மிச்சமிருந்த துளைக்குள் விரலை வைத்தாள்.

"இங்க துளை போடுங்க அண்ணே. இங்கன்னா இங்கதான்."

அவர் அங்கேயே துளையிட்டார். மேற்பார்வையாளர் சீக்கிரம் இறுகும் பசையை ஊற்றிப் புது போல்டை நிறுத்தினார். அது இறுகும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு மறுபடி எழும்பி, அடித்தளத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. சொந்த வேலையில் சாணுக்குக் குறைந்த அளவைச் சொல்லியறியாத அண்ணன், ஓரமாகக் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக் கையைத் தூக்கினார்.

"இன்னும் ஒரு நூல் இந்தப் பக்கம்... மெதுவா... ஒரு நூல்தான்யா!"

வீட்டுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த வெளிச்சம், அவர் முகத்தின் குறுக்கே மெல்லக் கோடாகச் சுருங்கியது.