எட்டு வரி

ஐஸ் பெட்டியின் ஒயரை மெர்லின் சுவரில் சொருகியதும் அது ஒருமுறை உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கண்ணாடிக்கு அடியில் அவள் அப்பா இன்னாசி, போன ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். விடியற்காலையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனவர் கூண்டுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். டாக்டர் வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

"குரூப்புல போட்டியாம்மா?" என்று கேட்டார் ராயபுரத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா ஜேக்கப். "ஜனம் ஒருத்தரும் வரல. மணி பத்தாவுது."

"போடறேன் சித்தப்பா."

அப்பாவின் போன் அவள் கையில்தான் இருந்தது. 'நம்ம காலனி' குரூப்பில் வீட்டுக்கு ஒருவர் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேர். காத்திவாக்கத்தில் இந்தப் பக்கம் பிறப்போ இறப்போ, தண்ணி லாரி வருவதோ, எதுவானாலும் முதலில் அதில்தான் வரும். 'நைனா' என்று அடித்தவள் விரலை எடுத்துக்கொண்டாள். இந்தப் போனிலிருந்து எழுத்தில் ஒரு செய்தி போனால், இதில் எழுதுகிற கை யாருடையது என்று யாராவது யோசிப்பார்கள். அடித்ததை அழித்துவிட்டு மைக்கை அழுத்திப் பேசினாள்.

"நான் மெர்லின் பேசறேன். எங்க நைனா காலைல தவறிட்டாரு. நாலு மணிக்கு எடுக்கறோம்."

பதினோரு நாளைக்கு முன்னால் அதே குரூப்பில், அதே போனிலிருந்து, எட்டு வரி எழுதிப் போட்டவள் அவள்தான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் புதிதாக நிலக்கரிக் கிடங்கு வருவதாகப் பேச்சு. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து எதிர்க்க வேண்டும் என்று குரூப்பில் முடிவாகியிருந்தது. மெர்லின் அதைக் கட்டப்போகும் கம்பெனியின் பழைய கிடங்கில் கேட் ஆபீசில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தாள். ஆதரவாக நாலு பேர் பேசினால் உன் வேலை நிரந்தரம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தான். அப்பா தூங்கும்போது போனை எடுத்து, எதிர்ப்பவர்கள் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்களா என்று எழுதினாள். மறுநாள் அவள் வேலை முடிந்து வருவதற்குள் அப்பாவின் கோழிக்கறிக் கடை முன்னால் கூட்டம் கூடிக் கலைந்திருந்தது. "நான்தான் போட்டேன்" என்று அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னாராம். அன்று சாயந்திரமே செய்தி வந்தது: கம்பெனி ஆள் கடையில் யாரும் கறி வாங்கக் கூடாது.

அப்பா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கறி போகவில்லை. கூண்டில் கோழிகள் பெருத்து, திரும்ப இடமில்லாமல் ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. தினமும் காலையில் அவர் கடையைத் திறந்து, கத்தியைக் கழுவி வைத்து, மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்.

பத்தரைக்கு அவள் போனைப் பார்த்தாள். அறுபத்து நான்கு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. பதினொன்றுக்கு நூற்று முப்பது. அப்போது யாரோ கும்பிடும் கையைப் போட்டார்கள். அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே அது மறைந்து, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் நின்றது.

நூற்று முப்பது பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

பின்கதவு மெல்லத் தட்டப்பட்டது. பக்கத்துத் தெரு சாபிரா, முக்காட்டுக்குள் பிளாஸ்க்கை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாக்கு குடு. காலைலேந்து ஒன்னியும் குட்ச்சிருக்காது." குரலைத் தாழ்த்தினாள். "முன்னால வரலன்னு தப்பா நெனக்காத மெர்லினு. தெருமுனைல ரெண்டு பசங்க போன வச்சிக்கினு நிக்கறானுங்க. யாரு வராங்கோன்னு வீடியோ எடுக்கறானுங்க. எங்க வூட்டுக்காரரும் கடை வச்சிருக்காரு."

ஐஸ் பெட்டி இருந்த பக்கம் எட்டிப் பார்த்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் வந்த வழியே போய்விட்டாள்.

இரண்டு மணிக்குச் சண்முகவேல் வந்தார். குரூப்பின் அட்மின். சின்ன வயதில் அப்பாவுடன் கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போனவர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றியபோது, செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ராயபுரத்துச் சொந்தக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மெர்லினின் அம்மா ஹில்டா மட்டும் தலை நிமிரவில்லை. சண்முகவேல் கண்ணாடி மேல் ஒரு கையை வைத்து எடுத்தார்.

"கடையாண்ட வா" என்றார் மெர்லினிடம்.

போனாள். கோழிகளின் இரைச்சலில் அவர் குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"அந்த மெசேஜ அவன் போடலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

மெர்லின் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாசிக்கு எழுதப் படிக்க வருமா? இத்தினி வருசமா குரூப்புல அவன் வாயாலதான பேசிக்கினு இருந்தான். எட்டு வரி, ஒரு தப்பு இல்ல."

"மாமா..."

"மறுநாளு எங்கூட்டாண்ட வந்தான். 'வேலு, பொண்ணு தெரியாம பண்ணிட்ச்சி. எம்பேர்லயே இருக்கட்டும். ஆறு மணிக்கு இருட்டுல தனியா பஸ் ஏறுற பொண்ணுடா'ன்னான்." அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் சரின்னேன். ஆனா கடைய விடுங்கடான்னு பசங்களாண்ட சொல்ல எனக்கு வாய் வரல. எம்பேத்தி மூஞ்சில குழாய மாட்டிக்கினு மூச்சு வுட்டுகினு கீது. இந்தக் கரித் தூள்லதான். இன்னொரு கெடங்கு வரட்டும்னு எழுதனியே, அந்தப் புள்ளய நெனச்சிப் பாத்தியா?"

அவளுக்கு அழுகை வரவில்லை. அதற்கு முன்னால் வேறு ஒன்று வந்தது. "எத்தினி பேருக்கு மாமா தெரியும்?"

கேட்டதும் அவளுக்கே அவமானமாக இருந்தது.

"அவனுக்கும் எனக்கும்."

"இனிமே?"

சண்முகவேல் அவளையே பார்த்தார். கோபமா பரிதாபமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. ஓரத்தில் இருந்த மூட்டையைப் பிரித்து இரண்டு கை தீவனம் அள்ளிக் கூண்டில் போட்டுவிட்டு வெளியே போனார்.

நாலு மணிக்குச் சவப்பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றியது ராயபுரத்து ஆட்கள் நாலு பேர். தெருவில் கதவுகள் ஒருக்களித்திருந்தன. யாரும் வெளியே வரவில்லை. வண்டி தெருமுனையைத் தாண்டும்போது, போன் வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவன் கையைத் தாழ்த்தினான். மற்றவன் எடுத்துக்கொண்டே இருந்தான்.

கல்லறையில் ஃபாதர் செபத்தைச் சுருக்கமாக முடித்தார். மெர்லின் ஒரு பிடி மண்ணை உதிர்த்தாள். பலகையில் அது விழுந்த சத்தத்தில் ஹில்டா மயங்கிச் சாய, ஆட்டோவில் ஏற்றி முன்னால் அனுப்பினார்கள். சித்தப்பா கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போட நின்றார். "நட, பின்னாலயே வந்துடறேன்" என்றார்.

அவள் தனியாக வெளியே வந்தாள். மதில் ஓரமாகக் காலனி ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். நடுவில் சண்முகவேல், தன் பைக்கைக் குறுக்கே நிறுத்தி அதன்மேல் சாய்ந்திருந்தார். பேச்சு நின்றது. வேறு வழி இல்லை, அவர்களுக்கு நடுவில்தான் போக வேண்டும்.

அவள் கிட்டே போனதும் சண்முகவேல் எழுந்து பைக்கை ஒரு முழம் பின்னுக்கு இழுத்தார். அந்த இடைவெளியில் அவள் நுழைந்து கடந்தாள்.

இருபது அடி போயிருப்பாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, ஒன்றல்ல, பல. துணைக்கு வருகிறார்களா, சண்முகவேல் உண்மையைச் சொல்லிவிட்டதால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் துப்பட்டா முனையை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். வேகமாகப் போனால் ஓடுவதாக நினைப்பார்கள் என்று, ஒரே சீராக நடந்தாள். செருப்புச் சத்தமும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.