ஐந்தாம் விரல்

முக்கூடல் பீடிக்காரத் தெரு முத்துராணிக்கு இடுப்பு வலி எடுத்துப் பதினோரு நாள் ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. அவள் சாகக் கிடந்தாள் என்றும் சொல்ல முடியாது. காலையில் நாலு இட்லி சாப்பிட்டாள், சாயங்காலம் தலை சீவிக்கொண்டாள், வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பு ரைஸ்மில் மோட்டார் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வலி வரும், பல்லைக் கடிப்பாள், ஒரு விரல் அளவு வழி திறக்கும். அப்புறம் யாரோ தாழ்ப்பாள் போட்டது போல வலி நின்றுவிடும், திறந்த விரலும் மூடிக்கொள்ளும். ஐந்து விரல் திறந்தால்தான் பிள்ளை வெளியே வரும் என்பது அவளைச் சேர்த்திருந்த ஊர் ஆஸ்பத்திரி நர்சுகள் வைத்திருக்கும் கணக்கு. அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் மதுமதி இரண்டு தடவை தியேட்டருக்குக் கொண்டுபோனார். மேசையில் கிடத்தியதும் வயிறு மேலே ஏறி ஏழாம் மாதத்து வயிறாகச் சுருங்கிக்கொண்டது. ஸ்கேன் வைத்துப் பார்த்தால் உள்ளே ஏழு மாதப் பிள்ளைதான் விரல் சூப்பிக்கொண்டிருந்தது. வார்டுக்குத் திரும்பியதும் பழையபடி பத்து மாதம். ஏழு மாதப் பிள்ளையை எப்படி அறுத்து எடுப்பது என்று டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். படித்தவர்கள் முழிக்கிற முழியை அன்றைக்குத்தான் அந்த வார்டே பார்த்தது.

புருஷன் இசக்கியப்பன் வாழைத்தார் லாரியில் லோடுமேன். உழைப்பாளி, குடி கிடையாது, சீட்டு கிடையாது. மகாராஜா என்ற ஒருத்தனை நினைத்தால் மட்டும் வயிறு எரியும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரியும். சட்டையில் வயிற்றுக்கு நேரே, தேய்ப்புப்பெட்டியை வைத்து மறந்த மாதிரி, பழுப்பாகக் கருகும். கல்யாணமாகி நாலு வருஷத்தில் பதினேழு சட்டை அப்படிப் போயிற்று. தையல்காரன் அந்த இடத்தில் இரட்டைத் துணி கொடுத்துத் தைக்கப் பழகிக்கொண்டான்.

மகாராஜா முத்துராணிக்குத் தாய்மாமன் மகன். அவளுக்கென்றே பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. பிறகு பெரியவர்களுக்குள் ஏதோ பேச்சு முறிந்து, மகாராஜா சாத்தான்குளத்தில் கலைச்செல்வி என்பவளைக் கட்டி இரண்டு பிள்ளைக்கு அப்பனாகிவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் பார்த்த வேலை அப்படி. பீடிக் கம்பெனி கடையில் அவன் செக்கர். தெருப் பெண்கள் வீட்டில் சுற்றிக் கொண்டுவரும் பீடிகளைப் பிரித்துப் பார்த்து, நூல் தளர்ந்ததையும் தூள் குறைந்ததையும் கழித்துத் தூரப் போடுவது அவன் வேலை. யார் கொண்டுபோனாலும் ஆயிரத்துக்கு ஐம்பது அறுபது கழியும். முத்துராணி கொண்டுபோனால் ஒன்றுகூடக் கழியாது. நாலு வருஷத்தில் ஒன்றுகூட.

இசக்கியப்பன் இதைச் சும்மா விடவில்லை. ஒரு நாள் அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரத்தில், தன் கையாலேயே இருபது பீடியைக் கோணலும் மாணலுமாகச் சுற்றி, அவள் கட்டுகளுக்குள் ஒன்றிரண்டாகச் சொருகி வைத்தான். அதையும் மகாராஜா கழிக்காமல் எடுத்துக்கொண்டால் உள்ளே இருக்கிற கதை வெளியே வந்துவிடும் என்பது இவன் யோசனை. மகாராஜா ஆயிரம் பீடியையும் பிரித்துப் பார்த்துவிட்டு, அந்த இருபதை மட்டும் சரியாகப் பொறுக்கித் தூரப் போட்டான். வேறொருத்தன் என்றால் அன்றோடு சமாதானம் ஆகியிருப்பான். இவனுக்கு அன்றைக்கு மட்டும் இரண்டு சட்டை கருகியது. “ஆயிரத்துல எது அவ கை, எது என் கைன்னு அவனுக்குத் தெரியுதுன்னா, அந்தக் கைய அவன் எம்புட்டு பாத்திருக்கணும்?” என்று லாரி டிரைவரிடம் கேட்டான். டிரைவர் கியரை மாற்றினார்.

பிரசவம் இழுத்துக்கொண்டே போனால் வீட்டில் பூட்டியது கட்டியது எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மூன்றாம் நாள் முத்துராணியின் அம்மா இசக்கித்தாய் வீட்டில் பெட்டி, பீரோ, அரிசிப் பானை மூடி எல்லாம் திறந்தாள். ஆட்டை அவிழ்த்தாள். சடையை அவிழ்த்துத் தலைவிரி கோலமாக நின்றாள். நான்காம் நாள் தெருவே சேர்ந்துகொண்டது. பெண்கள் சுற்றி முடித்திருந்த பீடிகளில் எல்லாம் நூலை உருவிப் போட்டார்கள். நாற்பது வீட்டு நூல் தெருவில் முழங்கால் அளவுக்குக் குவிந்து, சைக்கிள் போக வழியில்லாமல் ஆனது. ஐந்தாம் நாள் முடிச்சு என்று சொல்ல அந்தத் தெருவில் ஒன்றும் மிச்சமில்லை. ஆம்பிளைகள் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பிள்ளை வரவில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தது ஹமீது பீவி. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் ஊசி போட்ட நர்சம்மா. டாக்டர்கள் மெஷினைப் பார்ப்பார்கள், ஹமீது பீவி ஆளைப் பார்ப்பாள். முத்துராணிக்கு வலி வந்த நேரம், நின்ற நேரம் எல்லாவற்றையும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தாள். இசக்கியப்பன் டீக்கடைக்குப் போனபோதெல்லாம் வலி வந்திருக்கிறது. திரும்பி வந்தபோதெல்லாம் நின்றிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஆம்புலன்சில் ஏற்றிய அன்று அவனும் கூட ஏறினான், வலி இல்லாதவளை எங்கே கொண்டுபோவது என்று வண்டி பாதி வழியில் திரும்பியது. ஹமீது பீவி அவனைக் கூப்பிட்டாள். “ஏ இசக்கியப்பா, பைய அந்த பஸ் ஸ்டாண்டு மட்டும் போயிட்டு வா” என்றாள். போனான். ஆறாவது விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் உள்ளே முத்துராணி கட்டில் கம்பியைப் பிடித்தாள். வரச் சொன்னார்கள். ஆறாவது கம்பத்துக்கு இந்தப் பக்கம் அவன் கால் வைத்ததும் அவள் கையை எடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

டாக்டர் மதுமதி இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இசக்கியப்பனை உட்காரவைத்து, பிரசவம் எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்குப் பல காரணம் இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். முதல் பிள்ளையா அடுத்த பிள்ளையா, பிள்ளை எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது, தலை எவ்வளவு பெரிது, தாய் மல்லாந்தே கிடக்கிறாளா எழுந்து நடக்கிறாளா, மனசில் பயம் இருக்கிறதா, பக்கத்தில் தைரியம் சொல்ல யார் நிற்கிறார்கள். இவன் கடைசி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டான். “பக்கத்துல யாரு நிக்கான்னா, எப்படி டாக்டரம்மா?” என்றான். இசக்கித்தாய்க்குக் கஞ்சி கொண்டுவருகிறேன் என்று மகாராஜா தினமும் கம்பெனி ஆட்டோவில் வந்து, வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிறான். இவன் தூரப் போனால் அவன் கிட்டே வருவான். அப்போது பிள்ளை பிறந்தால், அது யார் நின்று பிறந்த பிள்ளை? சட்டை கருகுகிற வாடை டாக்டருக்கே அடித்தது.

ஆனாலும் போனான், பிள்ளை வேண்டுமே. சேரன்மகாதேவி வரை போனான், ஒரு விரல் திறந்தது. வேப்பமரம் ஞாபகம் வந்தது, அடுத்த பஸ்ஸில் திரும்பினான், மூடியது. மறுநாள் திருநெல்வேலி ஜங்ஷன் வரை போனான், இரண்டு விரல். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்காமல் திரும்பினான். ஸ்ரீவைகுண்டத்துக்கு மூன்று விரல். அங்கே அணைக்கட்டு மேலே ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தான். இப்படியே நாள் ஓடியது. பதினோராம் நாள் காலையில் அவன் வார்டுக்குள் நுழைந்தபோது வலி நின்றதோடு பிள்ளையின் துடிப்பும் சறுக்கியது. நிமிஷத்துக்கு நூற்று நாற்பது இருந்தது நூறுக்கு வந்தது. டாக்டர் அவனைப் பார்க்காமலே பேசினார். “இனிமே நீங்க ஒரு தடவை திரும்பி வந்தா, ரெண்டு பேருமே இருக்க மாட்டாங்க.” ஹமீது பீவி அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். “ஆறு எங்க போயி முடியுதோ அங்கன போ. திரும்பிப் பாக்காத.”

ஆற்றை ஒட்டியே பஸ் மாறி மாறிப் போனான். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், கடைசியில் புன்னக்காயல். அங்கே தாமிரபரணி கடலில் கலக்கிறது, அதற்கு மேல் ரோடு கிடையாது. போன் போட்டான். நாலு விரல் என்றாள் இசக்கித்தாய். இன்னும் ஒரு விரல். கரையில் ஒரு மீன்பிடி வள்ளம் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏற்றிக்கொள்ளச் சொன்னான். “எதுவரை போகணும்?” என்று வள்ளக்காரர் கேட்டார். “ஒரு விரல் தூரம்” என்றான். அந்தக் கரையில் இதைவிடப் பெரிய கிறுக்குகளை எல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஏறச் சொல்லிவிட்டார்.

இரண்டு மைல் உள்ளே போய்விட்டார்கள். கரையில் கோயில் கோபுரம் தீப்பெட்டி அளவுக்கு ஆனது. ஐந்தாம் விரல் திறக்கவில்லை. போனில் சிக்னல் மட்டும் பாவி மாதிரி விடாமல் இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாமியாரைக் கூப்பிட்டான். “எத்தா, அவன் எங்கன நிக்கான்?” “வாசல்லதான்டே நிக்கான்.” “உள்ள வந்தானா?” “இல்லடே.” “கதவு தொறந்திருக்கா? அங்கன இருந்து பாத்தா உள்ள தெரியுமா?” நாலாவது தடவை போனைப் பிடுங்கியது ஹமீது பீவி. “நீ கேக்க கேக்க மூடுது லே. நாலு மூணாயிட்டு. கடலுக்குள்ள போயும் கட்டிலுக்கு அடியிலதான் உக்காந்திருக்க நீ. துடிப்பு எறங்குது. வைய்யி போன.”

வைக்கவில்லை. வைக்க முடியவில்லை. காதில் போனை வைத்தபடி வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தான். போனை வாங்கியவர்களும் அணைக்காமல் கட்டிலில் போட்டிருக்க வேண்டும், அங்கே பாத்திரம் விழுவதும், யாரோ ஓடுவதும், முத்துராணி மூச்சு வாங்குவதும் கேட்டது. திடீரென்று அவள் குரலே வந்தது.

“நீங்க எங்கன நிக்கிய?”

“கடலுக்குள்ள.”

“கடலுக்குள்ளயா. யாரு கூட?”

“வள்ளக்காரர் கூட.”

“வேற?”

“வேற அவரு மருமவ, வலை எடுக்க வந்திருக்கா.”

பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வந்தது. “நான் இங்கன பதினோரு நாளா உசிரு போய்க் கெடக்கேன். நீங்க அங்கன எவளோ ஒருத்திகூட வள்ளத்துல சவாரி போறியளோ. அவளுக்கு என்ன வயசு இருக்கும்?”

நாலு வருஷத்தில் அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. லோடோடு கேரளாவுக்குப் போய் ஆறு நாள் கழித்து வந்தாலும் சோறு போடுவாள், யாரோடு இருந்தாய் என்று கேட்க மாட்டாள். கேட்காததுதான் தன்னை அரித்தது என்று இசக்கியப்பனுக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. அந்த மருமகளுக்கு ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும், முன் பல் இரண்டு கிடையாது. இவன் அதைச் சொல்லவில்லை. “இருபது இருபத்தஞ்சு இருக்கும்” என்றான்.

முத்துராணி போட்ட சத்தம் போன் இல்லாமலே கடலுக்குக் கேட்டிருக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரிகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த ஒரு சத்தத்தில் மூன்று நாலாகி, நாலு ஐந்தாகி, பிள்ளை வந்துவிட்டது. பொட்டப்பிள்ளை, மூன்று கிலோ. அழுகைச் சத்தம் வள்ளம் வரை கேட்டது. வள்ளக்காரர் மருமகள் என்ன என்று விசாரித்துவிட்டு, ஓட்டைப் பல் தெரியச் சிரித்து, ஒரு சீலா மீனை எடுத்து அவன் மடியில் போட்டாள். மகாராஜா அந்த நேரத்தில் ஆட்டோவுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை, இசக்கியப்பனும் இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

டாக்டர் மதுமதி கேஸ் தாளில் வலி நேரம் என்ற இடத்தில் பதினோரு நாள் ஐந்து மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே இருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்குக் கீழேயே, கணவர் தொலைவு போதாமை, என்று எழுதித் திருப்பி அனுப்பினார். வேறு கடிதம் வரவில்லை.

இசக்கியப்பனுக்கு எரிச்சல் தீர்ந்ததா என்றால் தீரவில்லை. அப்படி எல்லாம் மனுஷன் மாறுவதில்லை. வருஷத்துக்கு ஒரு சட்டை இன்னும் போகிறது. முத்துராணி இப்போது அவன் லோடு முடிந்து வந்ததும் யார் யார் கூட வந்தார்கள் என்று பெயர் பெயராகக் கேட்கிறாள். அவன் நின்று நிதானமாகப் பதில் சொல்கிறான், கூட ஒன்றிரண்டு பெயரைச் சேர்த்தும் சொல்கிறான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டையில், ரத்த வகைக்குக் கீழே, கணவர் போகவேண்டிய தூரம் என்று ஹமீது பீவி ஒரு வரி எழுதிக் கொடுக்கிறாள். நிறைய பேருக்குத் தேவையில்லை என்று இருக்கும். சிலருக்கு டீக்கடை வரை. ஒருத்தனுக்கு மட்டும் மும்பை என்று எழுதியிருந்தாள், அவள் எழுதுவதற்கு முன்பே அவன் அங்கேதான் இருந்தான். முத்துராணிக்கு இரண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்தபோது இசக்கியப்பன் யாரும் சொல்லாமலே பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஏரல் போதுமானதாக இருந்தது.