நஸீராவின் பல்கூச்சம்

1983ஆம் வருடம் மார்ச் மாதத்திலிருந்து தாராவியில் எங்கள் சந்தில் யார் ஐஸ் தண்ணீர் குடித்தாலும் நஸீராவுக்குத்தான் பல் கூசியது. சந்தில் நாற்பத்தோரு வீடு. குல்ஃபி வண்டி மணியடித்தால் அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். பிள்ளைகள் தின்று முடித்த பிறகு மறுபடியும் தைப்பாள்.

எல்லாம் அவள் உம்மா மதீனா பீவி செய்த காரியம். சின்ன வயதில் ஊரில் குடித்த கிணற்றுத் தண்ணீரால் நஸீராவின் முன்பற்களில் பழுப்புக் கறை ஏறியிருந்தது. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் அதைக் கண்டு டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். மூன்றாவதாக, செம்பூரில் பெல்ட் கடை வைத்திருந்த முகம்மது ஹனீபின் வீட்டிலிருந்து வருவதாகத் தகவல் வந்ததும், மதீனா பீவி மகளை ரோட்டோரப் பல்வைத்தியனிடம் இழுத்துப் போனாள். அவன் ஏதோ ஆசிட்டைப் பஞ்சில் நனைத்து மூன்று நாள் தேய்த்தான். "எரியுது உம்மா" என்று மகள் துடித்தபோது, "பட்டறையில தோலை வெளுக்க எத்தனை மருந்து போடுதாவ, அது எரியுதுன்னா சொல்லுது? சும்மா இரி புள்ள" என்றாள். தோல் பட்டறைக்காரர் மனைவிக்கு வேறென்ன தோன்றும்! மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் மக்ரிப் நேரத்தில் கரண்ட் போனது. நஸீரா சிரித்தாள். அந்தப் பல் வெளிச்சத்தில் அவர்கள் தங்கள் செருப்புகளைத் தேடி எடுத்து, நிச்சயத்துக்கு நாளும் குறித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் கூச்சம் வந்தது. முதலில் தன் வாயில் பட்ட டீக்கு, பிறகு அடுத்தவர் வாயில் பட்டதற்கும். மாட்டுங்காவில் பல் டாக்டர் வெங்கடராமன் பார்த்துவிட்டு, "கறை எனாமலுக்குள்ளயே, அதாவது பல்லோட மேல்பூச்சுக்குள்ளயே இருந்திருக்கும்மா. அதை எடுக்கறேன்னு எனாமலையே கரைச்சுட்டான். இது நகமில்லை, திரும்ப வளராது" என்று ஒரு பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். அடுத்தவர் குடிப்பதற்கு அவரிடம் மருந்தில்லை.

நிச்சயம் முடிந்ததும் செம்பூரும் சேர்ந்துகொண்டது. சந்தே சும்மா இருந்தாலும் மதியம் ஒரு மணிக்குத் தவறாமல் கூசியது. இந்தச் சம்பந்தமும் போய்விடுமே என்று பயந்து, யாரிடமும் மூச்சு விடக்கூடாதென்று மதீனா பீவி சத்தியம் வாங்கியிருந்தாள். நஸீராவுக்கு ஹனீபை ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே மறைத்துவைத்துக் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை. கலியாணச் சேலை கொடுக்க அவன் வந்த அன்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டாள்.

"தினம் ஒரு மணிக்கு ஐஸ் போட்டு என்ன குடிக்கிய?"

"கரும்புச்சாறு. யாரு சொன்னா?"

"என் பல்லு. இது ஆசிட் போட்டு வெளுத்த பல்லு. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

ஹனீப் சேலையை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மதீனா பீவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் ஒரு மணிக்கு நஸீரா மெஷினை நிறுத்திக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றேகால் ஆயிற்று, ஒன்றரையும் ஆயிற்று. கூசவில்லை.

"உம்மா, அழாத. கலியாணம் உண்டு" என்றாள்.

கலியாணத்தில் சர்பத்துக்கு ஐஸ் போடவில்லை, யாரும் கேட்கவுமில்லை. 1987க்குள் மேல்பூச்சு போன பற்கள் மஞ்சளாகிவிட்டன. கரண்ட் போனால் சந்து மறுபடியும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டது. செம்பூர் பெல்ட் கடைக்கு டீ வந்தால், ஹனீப் முதலில் அதில் விரலை விட்டுச் சூடு பார்ப்பான். பிறகுதான் குடிப்பான்.